கொழும்பிலிருந்து புத்தளத்துக்கு: வாடகையும் வாக்காளர் இடாப்பும்

கடந்த இரண்டு வருடங்களில் என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இலக்கணம் பற்றியதல்ல. "சேர், புத்தளத்துக்குப் போய் மாசம் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறீங்க?" என்பதுதான். கொழும்பில் என்னோடு படிப்பித்தவர்கள் கேட்கிறார்கள். தெமட்டகொடையில் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் கேட்கிறார்கள். மருமகனுக்கு வாடகை வீடு தேடி அலுத்துப்போன ஒரு ஹாஜியார் இரண்டு தடவை கோல் எடுத்துவிட்டார். ஒரு தொகையைச் சொன்னால் "மாஷா அல்லாஹ், நல்ல மிச்சம்" என்று வைத்துவிடுகிறார்கள். நான் சொல்லும் தொகை பொய்யில்லை. ஆனால் அது அரைவாசிக் கணக்கு. மற்ற அரைவாசியைக் கோலில் சொல்லி முடிக்க ஏலாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் கேட்கும் அரைவாசி. தெமட்டகொடையில் இரண்டு அறையும் ஒரு சின்னக் குசினியும் உள்ள மேல்மாடியில் ஒன்பது வருடம் இருந்தோம். நாங்கள் ஆறு பேர்: நான், மனைவி, மூன்று பிள்ளைகள், உம்மா. மாத வாடகை 45,000 ரூபா. 2022 ஆம் ஆண்டு எப்படிப் போனது என்று இந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதமாக ஏறியது. அதற்கு அடுத்த மாதம் வீட்டுச் சொந்தக்காரர் வந்து 65,000 கேட்டார். அதோடு ஒரு வருட முற்பணமும். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் செலவு ஏறித்தான் இருந்தது. என் சம்பளமோ கழிவுகளெல்லாம் போய்க் கையில் வருவது அறுபதாயிரத்துக்குக் கிட்ட. ஒரு வாத்தியாரின் முழுச் சம்பளமும் அவர் தூங்கும் அறைக்குப் போதாது என்று வந்தால், அந்த ஊரில் அவருக்கு இனி என்ன வேலை?

மனைவியின் சின்னம்மா குடும்பம் புத்தளத்தில். அவர்கள் பார்த்துத் தந்த வீட்டுக்கு வாடகை 22,000. மூன்று அறை, முற்றம், ஒரு முருங்கை, ஒரு கிணறு. முற்பணம் ஆறு மாதம். 2023 நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு கிழமையில் லொறி பிடித்தோம்.

வாடகையில் மாதம் நாற்பதாயிரத்துக்கு மேல் மிச்சம் என்பது இதுதான். அதிலிருந்து கழிக்க வேண்டியதை இனிப் பார்ப்போம். கேஸ் சிலிண்டர் கொழும்பில்தான் மலிவு. கம்பனி வெளியிடும் விலைப் பட்டியலில் மாவட்டம் தூரமாகத் தூரமாகப் போக்குவரத்துக் கூலி ஏறும். அரிசி, பால்மா, மாவுக்கு இரண்டு ஊரிலும் பெரிய வித்தியாசமில்லை. மீனும் இறாலும் தேங்காயும் இங்கே நல்ல லாபம், களப்பும் கடலும் பக்கத்தில் இருப்பதால். தண்ணீரில் அந்த லாபத்தில் கொஞ்சம் போய்விடுகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர், கேத்தலின் உள்ளே ஒரு மாதத்தில் வெள்ளைப் படை பிடித்துவிட்டது. குடிக்க பில்டர் தண்ணீர் கேனில் வாங்குகிறோம். மின்விசிறி கொழும்பைவிட அதிக நேரம் சுற்றுகிறது. இவையெல்லாம் சில்லறை. பெரிய கழிவு வேறு.

நான் மாகாணப் பாடசாலை ஆசிரியன். கொழும்பு மேல் மாகாணம், புத்தளம் வடமேல் மாகாணம். தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழ் வருவதால் அங்குள்ளவர்களுக்கு நடைமுறை வேறு. எங்களைப் போன்றவர்களை ஒரு மாகாணம் விடுவிக்க வேண்டும், மற்ற மாகாணம் ஏற்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ஏற்கிற மாகாணம் "வாங்க" என்றது. விடுவிக்க வேண்டிய பக்கத்தில் "பதிலீடு இல்லை" என்று கோப்பு நின்றுவிட்டது. குடும்பம் புத்தளத்தில், நான் கொழும்பில். இரண்டு பேரோடு ஒரு போடிங் அறை. வெள்ளி பின்னேரம் புறக்கோட்டையில் பஸ் ஏறினால் இஷாவுக்குப் பிறகு வீடு. திங்கள் அதிகாலை இரண்டு மணிக்கு எழும்பித் திரும்பவும் பஸ். கிட்டத்தட்ட 130 கிலோமீற்றர். 2024 இல் இடமாற்றம் கிடைக்கும் வரை ஓடிய இந்த இரட்டைக் குடித்தனத்தில், மிச்சம் என்று நான் பெருமையாகச் சொன்ன காசில் பெரும்பகுதி போய்விட்டது. ஆகவே அரச உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு என் முதல் சொல்: வீடு பார்க்க முன் விடுவிப்பைப் பாருங்கள். உங்கள் பாடத்துக்கு அங்கிருந்து இங்கே வர விரும்பும் ஓர் ஆசிரியரைக் கண்டுபிடித்து, இருவரும் பரஸ்பர இடமாற்றமாக விண்ணப்பித்தால் கோப்பு கொஞ்சம் வேகமாக நகரும். எனக்கு அப்படித்தான் நகர்ந்தது.

புத்தளத்துப் பாடசாலையில் முதல் நாள் ஆசிரியர் அறையில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கொழும்பிலேருந்து குப்பை மட்டுந்தான் வரும்னு நெனச்சோம், மாஸ்டரும் வந்துட்டார்." வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கொழும்பின் குப்பையைப் புகையிரதத்தில் ஏற்றிப் புத்தளத்துக்கு வடக்கே அருவாக்காட்டில் கொட்டும் திட்டம் வேகம் பிடித்தது. 2018, 2019 இல் புத்தளத்து ஆண்களும் பெண்களும் மாதக்கணக்காகத் தெருவில் நின்று எதிர்த்தார்கள். பெருநகரம் தன்னால் வைத்திருக்க முடியாததைத் தூர ஊருக்கு அனுப்பும் என்பது இந்த ஊருக்குப் புதிய பாடமல்ல. வாடகை கட்ட முடியாத வாத்தியாரும் அந்த வகையில் சேர்த்திதானோ என்று அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். சொன்னவர் இன்று எனக்கு நெருங்கிய நண்பர்.

இனி பெயர்ப் பதிவு. கோலில் சொல்ல ஏலாத அரைவாசி இதுதான்.

கொழும்பில் ஒன்பது வருடத்தில் என்னிடம் ஊர் எது என்று கேட்டவர்கள் குறைவு. அங்கே வாடகைச் சீட்டும் வேலையிடமும் இருந்தால் காரியம் நடந்துவிடும். சின்ன ஊரில் அப்படியில்லை. "நீங்க யாரு வீட்டு மருமகன்? எந்தப் பள்ளி மஹல்லா? எந்தக் கிராம சேவகர் பிரிவு?" இந்த மூன்று கேள்விக்கும் மூன்று பதிவேடுகள் உண்டு. ஒன்று பள்ளிவாசல் சந்தாப் புத்தகம். ஒன்று வாக்காளர் இடாப்பு. மற்றது எங்கும் எழுதப்படாத சொந்தக்காரர் பட்டியல். இவற்றில் பெயர் ஏறும் வரை நீங்கள் விருந்தாளி. உபசரிப்புக்குக் குறைவிருக்காது. ஆனால் விருந்தாளி விருந்தாளிதான்.

வாக்காளர் இடாப்பை எடுத்துக்கொள்வோம். கிராம உத்தியோகத்தர் கொண்டுவரும் பீ.சீ. படிவத்தை வோட்டுப் போடுகிற காரியம் என்று மட்டும் நினைத்துப் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். தரம் 1 அனுமதிக்குப் போட்டி உள்ள பாடசாலைகளில் பாதி இடங்கள் அருகே வசிப்போருக்கு. வசிப்பை நிரூபிக்க முதலில் பார்ப்பது பெற்றோரின் பெயர் கடந்த ஐந்து வருட இடாப்பில் இருக்கிறதா என்பதை. எங்கள் சின்ன மகனுக்கு 2025 இல் தரம் 1. எங்கள் பெயர் இங்கே ஏறியதே 2023 இல். ஐந்தில் எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். இடமாற்றம் பெற்றுவந்த அரச ஊழியரின் பிள்ளைகளுக்கு ஒரு சிறு வீதம் ஒதுக்கப்பட்டிருக்கிறதே என்று கேட்பீர்கள். அது சேவைத் தேவைக்காக அனுப்பப்பட்டவர்களுக்கு. நானாகக் கேட்டு வாங்கியது அதில் அடங்காது. கடைசியில் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய சின்னப் பாடசாலை ஒன்றில் சேர்த்தோம். அவன் சந்தோசமாகத்தான் இருக்கிறான். ஆனாலும் கிளம்பும் முடிவு எடுத்த அன்றே முதல் வேலையாகப் பதிவைப் பார்த்திருக்க வேண்டும் என்ற மனக்குறை எனக்கு உண்டு.

மூத்த மகளின் விசயம் வேறு. கொழும்பை விட்டுப் போகிறேன் என்றதும் சில பேர் காதோடு காதாகச் சொன்னார்கள்: "புத்திசாலி சேர் நீங்க. புள்ளைக்கு கம்பஸ் லேசு." பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு தழுவிய திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, மீதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்தப் பின்தங்கிய பட்டியலில் புத்தளம் இருக்கிறது. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்குக் கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளி புத்தளத்தைவிட உயர்ந்து நிற்பது வழக்கம். ஆகவே சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் கடைசி வருடத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து மாவட்டத்தை மாற்ற முடியாது, பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் எத்தனை வருடம் படித்தது என்று கணக்கெடுப்பார்கள். அதைவிட முக்கியமான ஒன்று. சலுகை தரப்பட்டிருப்பதே இல்லாமைக்காக. தமிழ்மொழி மூலம் கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் படிப்பிக்க ஆளில்லாமல் இங்குள்ள பாடசாலைகள் படும் பாட்டை உள்ளே இருந்து பார்க்கிறேன். வசதி உள்ளவர்கள் உயர்தர விஞ்ஞானத்துக்குப் பிள்ளைகளைக் குருநாகலுக்கும் கொழும்புக்கும் அனுப்புகிறார்கள். நான் எதிர்த் திசையில் வந்திருக்கிறேன். மகள் இங்கே படித்து இந்த மாவட்டத்தின் இடம் ஒன்றைப் பெற்றால் அது சட்டப்படி சரி. ஆனால் அந்த இடம் யாருக்காக ஒதுக்கப்பட்டது என்ற கேள்வி எனக்குள் இன்னும் அடங்கவில்லை. பின்னேரங்களில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் தமிழ் வகுப்பு எடுக்கிறேன், ஏதோ கடன் அடைக்கிற மாதிரி. மனைவி இதைக் கேட்டுச் சிரிக்கிறாள்.

இன்னொன்று: கொழும்பு முஸ்லிம் பிள்ளைகளில் கணிசமானோர் சிங்கள மொழி மூலம் படிக்கிறார்கள். அப்படிப் படித்த பிள்ளையை ஆறாம், ஏழாம் வகுப்பில் தமிழ் மொழிமூலத்துக்குத் தூக்கிப்போட்டால் அது நீச்சல் தெரியாமல் களப்பில் இறக்குவதுதான். அவர்கள் ஊரைத் தெரிவுசெய்ய முன் அங்கே எந்த மொழிமூலம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பெயரை எங்கே பதிவது என்ற கேள்வியின் பாரத்தை எனக்கு விளங்க வைத்தவர், மன்னார் பக்கத்துச் சக ஆசிரியர் ஒருவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருக்கு எட்டு வயது. யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியால அவகாசம். மன்னார்த் தீவு மக்கள் வள்ளங்களில் கல்பிட்டியில் வந்து இறங்கினார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வடக்கை இழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இடம் கொடுத்தது இந்தப் புத்தளம் மாவட்டம். கொடுத்த ஊரிலும் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தண்ணீர், கூலி வேலை எல்லாவற்றிலும் நெருக்கடி வந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

நான் குளிர்சாதனப் பெட்டியையும் புத்தக அலுமாரியையும் லொறியில் ஏற்றிக்கொண்டு என் விருப்பத்தோடு வந்தவன். அவர் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அவர் சொன்னது இது: "சேர், எங்கட வாப்பா பல வருசம் இங்க பதியல்ல. பதிஞ்சா மன்னார்ல நமக்கு ஒண்டுமில்லண்டு ஆகிடும் எண்டு பயம். பதியாததால இங்கயும் ஒண்டுமில்ல." இடம்பெயர்ந்தவர்கள் தம் சொந்த இடத்திலேயே வாக்காளராகப் பதிய வழிசெய்ய 2013 இல் ஒரு விசேட சட்டமே வந்தது. இங்கே வாழ்ந்து அங்கே வோட்டுப் போடுவது அதனால் சாத்தியமானது, இலேசானதாக ஆகவில்லை. 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் நாளன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வோட்டுப் போடப் போன பஸ் வண்டிகள் தந்திரிமலையருகே சுடப்பட்டதைப் பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் உயிராபத்து இல்லை. நண்பரின் சகோதரி அதே வீதியால் வேறொரு பஸ்ஸில் போனவர்.

அவருடைய பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். இங்கத்தைய பேச்சு, இங்கத்தைய கூட்டாளிகள். ஆனாலும் சண்டை வந்தால் வகுப்பில் "அகதி" என்ற சொல் இன்னும் வெளிவருகிறது. முப்பது வருடத்துக்குப் பிறகும் ஒரு சொல் இப்படி ஒட்டிக்கொண்டிருக்கும் என்றால், இரண்டு வருட வாடகைக் குடிவாசியான நான் எதை எதிர்பார்க்கலாம்?

அடுத்தது பள்ளிவாசல். கொழும்பில் நான் தொழுத பள்ளிகள் எத்தனையோ. வேலைக்குப் பக்கத்தில் ளுஹர், வீட்டுக்குப் பக்கத்தில் மஃரிப், ஜும்ஆவுக்கு எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. சந்தாவை உம்மாதான் கட்டிவந்தா, மாளிகாவத்தையில் வாப்பா பெயர் இருந்த பள்ளிக்கு. இங்கே வந்த ஆறாம் மாதம் பக்கத்து ஒழுங்கையில் கொழும்பிலிருந்து வந்து குடியிருந்த ஒருவர் திடீரென மௌத்தானார். வாடகைக்கு இருந்தவர், எந்தப் பள்ளியிலும் சந்தா இல்லை. மஹல்லாப் பள்ளி ஒரு குறையும் வைக்கவில்லை. கபன், கப்றுக் குழி, சந்தூக்கு எல்லாம் அவர்களே பார்த்தார்கள், ஒரு சதம் கேட்கவில்லை. ஆனால் அந்த மகன், இருபது வயதுப் பொடியன், அன்று காலையில் மூன்று வெவ்வேறு ஆட்களுக்கு "நீங்க எந்தப் பள்ளி, மகன்?" என்ற கேள்விக்குப் பதில் தேடித் தடுமாறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கேட்டவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. யாருக்கு அறிவிப்பது, எந்தப் பள்ளியில் ஒலிபெருக்கியில் சொல்லுவது என்பதற்காகத்தான் கேட்டார்கள். அவனிடம் சொல்ல ஒரு பெயர் இல்லை.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு நிர்வாக சபைச் செயலாளரிடம் போனேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், குடும்பத்தில் எத்தனை பேர், முன்பிருந்த பள்ளி. முன்பிருந்த பள்ளியிலிருந்து ஒரு கடிதம் கேட்டார். நியாயமான கேள்வி. நாளைக்கு மகளின் நிக்காஹ் என்று வந்தால் மாப்பிள்ளை வீட்டார் விசாரிப்பதும் இந்தப் பள்ளியில்தான், பள்ளி எங்களைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். கடிதத்துக்காகக் கொழும்புக்குப் போனால் அங்கே என் பெயரே இல்லை, வாப்பாவின் பெயரில் உம்மா கட்டியதுதான் இருக்கிறது. நாற்பது தாண்டிய ஆம்பிளை, பிறந்த நகரத்துப் பள்ளியில் பெயரில்லாதவன். அந்தச் செயலாளர் என்னைச் சின்ன வயதில் குர்ஆன் மதரஸாவில் பார்த்த ஞாபகத்தில் எழுதித் தந்தார்.

கொழும்பிலிருந்து கிளம்ப நினைப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன்: அங்கே உங்கள் பெயர் எந்தெந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று கிளம்ப முன் பாருங்கள். இல்லாத இடத்திலிருந்து யாரும் உங்களை விடுவிக்க முடியாது.

எங்கள் பதிவுகள் எல்லாம் ஒவ்வொன்றாக இங்கே வந்துவிட்டன, ஒன்றைத் தவிர. உம்மாவுக்கு 71 வயது. இதய நோய்க் கிளினிக் கொழும்பு பெரியாஸ்பத்திரியில். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நள்ளிரவுக்குப் பிறகு வேன் பிடித்துப் போகிறோம். இதை இங்குள்ள ஆஸ்பத்திரிக்கு மாற்றலாமா என்று டொக்டரிடம் கேட்டேன். மருந்தை இங்கே எடுக்கலாம், பரிசோதனைகளுக்கு அங்கேதான் வரவேண்டும் என்றார். வேன் கூலியை நான் மிச்சக் கணக்கில் இப்போது முறையாகக் கழிக்கிறேன். எல்லாம் போக மாதம் பதினையாயிரம் அளவில் நிற்கிறது. கேட்பவர்களுக்கு இனி இந்தத் தொகையைத்தான் சொல்லப்போகிறேன்.

போன மாதம் பீ.சீ. படிவம் வந்தது. நிரப்பிக்கொண்டிருக்கும்போது உம்மா வந்து பக்கத்தில் அமர்ந்தா.

"என்ட பேரப் போட்டியா, மகன்?"

"போடப்போறன் உம்மா. இங்கதானே ஈக்கிறீங்க."

"வேணாம். நானாட வீட்டுலயே ஈக்கட்டும். நா அங்கயும் வந்து போறதானே." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டா: "மாளிகாவத்தப் பள்ளிச் சந்தா நானா கட்டினாரா?"

வாப்பா மாளிகாவத்தை மையவாடியில் இருக்கிறார். உம்மா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இங்கிருந்து அங்கே போக வேனுக்கு மூன்று மணித்தியாலம் பிடிக்கும், இரவென்றால் கொஞ்சம் குறையும். நானாவுக்குக் கோல் எடுத்தேன். பெப்ரவரி வரை கட்டியிருப்பதாகச் சொன்னார். மீதியை அன்றே பேங்கில் போட்டேன். உம்மாவின் பெயருக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டுப் படிவத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, "வீட்டுல ஆறு பேரெண்டீங்க, வயசானவங்கட பேர் இல்லையே, சேர்?" என்று கேட்டார்.